பத்துக்கு எட்டு அறையில் தொப்பூர் பாதை வருமா?

முதலில் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நடுவில் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். தர்மபுரியில் வாடகை வீடு. ரயில் மாடலுக்கென்று ஒதுக்கியது பத்துக்கு எட்டு அடி அறை. கையில் ஹெச்.ஓ. ஸ்கேல் தொடக்க செட் ஒன்றும், பிறகு வாங்கிய எல்.ஹெச்.பி. பெட்டிகள் (இன்றைய எக்ஸ்பிரஸ்களில் வரும் நீளமான பயணிகள் பெட்டி) மூன்றும் இருக்கின்றன. ஓமலூரிலிருந்து தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி வழியாகத் தர்மபுரிக்கு ஏறி வரும் பாதையைச் செய்ய ஆசை. ஆனால் செட்டோடு வந்த வளைவில் பெட்டி தடம் புரள்கிறது. ஏற்றம் கொடுத்தால் எஞ்சின் சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. ஹெச்.ஓ.வை விற்றுவிட்டு அதைவிடச் சின்னதான என்-ஸ்கேலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஸ்கேல் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் இது இடம் பற்றிய கேள்வி. இந்த அறைக்குள் நம் ஊர்ப் பாதையில் எதை, ரொம்பப் பொய் சொல்லாமல் வைக்க முடியும் என்பதுதான் விஷயம். அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் பி.வே., அதாவது தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு கிருஷ்ணகிரிப் பக்கம். சின்ன லேஅவுட் செய்வது சர்வீஸில் இருக்கும்போதே தொற்றிக்கொண்டது. வளைவு, ஏற்றம், ஜல்லி பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். டி.சி.சி. (டிஜிட்டல் முறையில் ஓட்டுவது) டிகோடர், சவுண்ட் சிப் எல்லாம் என் கைவேலை இல்லை. அந்தப் பகுதியைத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

ஹெச்.ஓ. என்றால் 87-இல் ஒரு பங்கு. எல்.ஹெச்.பி. பெட்டியின் உடல் சுமார் 23.5 மீட்டர், ஆக மாடலில் 27 செ.மீ. பழைய ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர், அது 24.5 செ.மீ. தொடக்க செட்களில் வருகிற வளைவின் ஆரமோ கம்பெனியைப் பொறுத்து 36 முதல் 46 செ.மீ.க்குள்தான். குட்டை எஞ்சின், நாலு சக்கர வேகன்களை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. ஆரம் பெட்டி நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு இருந்தால் ஓடும், மூன்று மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம் என்பது மாடல்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. 27 செ.மீ. பெட்டிக்கு மூன்று மடங்கு 81 செ.மீ. முழு வட்டம் போட்டால் குறுக்களவு 1.62 மீட்டர், ஓரத்துக்கு விட வேண்டியதைச் சேர்த்தால் 1.75 மீட்டர் பலகை. உங்கள் அறையின் குறுகிய பக்கம் 2.44 மீட்டர். பலகையைப் போட்டபின் நீங்கள் நிற்க மிஞ்சுவது ஒரு சந்து. அந்தச் சந்திலிருந்து சுவரோரம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை எட்டாது. சாதாரணமாக ஒருவர் கை வசதியாக எட்டுவது 75 செ.மீ. வரைதான்.

நிஜப் பாதையோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி, ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர் ஆரம், 4 மீட்டர் வட்டம். உங்கள் அறையின் நீளப் பக்கமே 3.05 மீட்டர்தான். ரயில்வே ஒப்புக்கொள்ளும் மிக மோசமான வளைவுகூட முழு வட்டமாக அறைக்குள் அடங்காது. இது என் அபிப்பிராயம் இல்லை, கணக்கு. இன்னொன்று: நம் அகலப்பாதை 1676 மி.மீ.; ஹெச்.ஓ.வில் 19.2 மி.மீ. வர வேண்டும். கடையில் விற்பது 16.5 மி.மீ. தண்டவாளம், அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கான அளவு. இந்திய வண்டி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. நானும் அதற்காகச் சண்டை போட மாட்டேன். ஆனால் முன்பக்கமிருந்து பார்த்தால் பெட்டி ஒல்லிக்காலில் நிற்பதுபோல் ஏன் தெரிகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

என்-ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ. எல்.ஹெச்.பி. பெட்டி 14.7 செ.மீ.க்குச் சுருங்கும், மூன்று மடங்கு 44 செ.மீ. ஆரம். ஒரு மீட்டர் அகலப் பலகையில் வண்டி திரும்பிவிடும். எட்டுப் பத்துப் பெட்டிகளோடு நீண்ட எக்ஸ்பிரஸ் ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் ஆசை என்றால், மாறுவதில் தப்பே இல்லை. இந்திய வண்டிகள் அந்த ஸ்கேலில் கடையில் கிடைப்பது அரிது. பெரும்பாலும் 3டி பிரின்ட் எடுத்து, ஜப்பானிய அல்லது ஐரோப்பிய சேஸிஸ் (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகம்) மேல் உட்கார வைக்க வேண்டியிருக்கும். தூசுக்கும் அது ரொம்பக் கூச்சப்படும். நம் ஊர் மாசி பங்குனிக் காற்றுக்கு, மூடாத அறையில் தினம் துடைக்கிற வேலை.

ஆனால் நான் உங்களைத் தள்ளப்போவது இந்த இரண்டு பக்கமும் இல்லை. இன்றைய பாதைக்கு முன்னால் தர்மபுரிக்கு இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை போட்டார்கள், அகலம் 762 மி.மீ., அதாவது இரண்டரை அடி. அதற்கு முந்தின வருடம், 1905-இல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இதே அளவில் ஒன்று. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று போட்ட பாதைகள் இவை. தர்மபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மூடிவிட்டார்கள். பிறகு சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் வந்து, 1990-களில் அகலப்பாதையாகி, தர்மபுரிக்கும் ஓசூருக்கும் மறுபடி ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவே இல்லை. மாவட்டத் தலைநகரில் இன்றும் ஒரு ஸ்டேஷன் கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 762-ஐ 87-ஆல் வகுத்தால் 8.76 மி.மீ. என்-ஸ்கேல் தண்டவாளம் 9 மி.மீ. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆள், கட்டடம், மரம் எல்லாம் ஹெச்.ஓ. அளவிலும், தண்டவாளமும் மோட்டாரும் என்-ஸ்கேலிலிருந்தும் எடுத்துச் செய்யும் இந்த முறைக்கு உலகம் முழுக்க ஆள் உண்டு, ஹெச்.ஓ.இ. என்பார்கள். ஆஸ்திரியாவின் 760 மி.மீ. மலைப் பாதைகளுக்காக அங்கே நிறையச் சாமான் விற்கிறது. வளைவு விஷயம்தான் இதில் பிரமாதம். 762 மி.மீ. பாதைக்கு நம் ரயில்வேயில் 40 டிகிரி வரை அனுமதி, ஆரம் 44 மீட்டர். வகுத்தால் 50.6 செ.மீ.! நிஜ விதிப்படியான வளைவு, ஒரு சென்டிமீட்டரும் குறைக்காமல், உங்கள் அறை மூலையில் உட்கார்ந்துவிடும். அகலப்பாதையை வைத்துக்கொண்டு இந்த அறையில் இப்படி ஒரு நேர்மை இவ்வளவு சின்ன இடத்தில் கிடைக்காது. என்-ஸ்கேலிலேயே அந்த 175 மீட்டர் 1.09 மீட்டராகிவிடுகிறது.

அதனால் என் யோசனை: வட்டமே போடாதீர்கள். சுவரை ஒட்டி ‘எல்’ வடிவில், 45 செ.மீ. அகலத்தில் இரண்டு கைகள். நடு மூலையில் 55 செ.மீ. ஆரத்தில் ஒரு வளைவு. மூலைப் பலகையை மட்டும் கொஞ்சம் அகலமாக, முன்பக்கம் குறுக்கே வெட்டி எடுங்கள். ஒரு முனை மொரப்பூர், மறுமுனை தர்மபுரி. காலத்தை 1906-க்கும் 1913-க்கும் நடுவில் வைத்தால் தர்மபுரி கடைசி ஸ்டேஷன். எஞ்சின் கழன்று, பக்கத்து லைன் வழியாகச் சுற்றிவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். மூன்று பெட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அலுக்காமல் ஓட்டலாம். வட்டத்தில் ஓடும் எக்ஸ்பிரஸை ஐந்தாவது சுற்றுக்குமேல் பெற்ற பிள்ளைகூடப் பார்க்காது. மொரப்பூர் முனையில் சென்னை–சேலம் அகலப்பாதை ஓடுகிறது. அங்கே 19.2 மி.மீ. அகலத்துக்கு ஒரு முழம் தண்டவாளத்தைக் கையாலேயே குறுக்குக்கட்டை மேல் ஒட்டி, ஓடாத சரக்கு வேகன் ஒன்றை நிறுத்துங்கள். மூட்டை அதிலிருந்து இறங்கிச் சின்ன வண்டியில் ஏறுகிற காட்சி. இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் சரியான அளவில் நின்றால், 1676-க்கும் 762-க்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவருக்குத் தானாகவே விளங்கும்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று சொல்லிவிட வேண்டும். பாதையின் அகலம், திறந்த மூடிய வருடங்கள், வளைவுக் கணக்கு: உறுதி. எஞ்சின் என்ன நிறம், பெட்டிக்கு எத்தனை ஜன்னல் என்று ஊரில் யாராவது சொன்னால் அதைச் சந்தேகத்தோடு கேளுங்கள். 1941-இல் நின்ற வண்டியை நினைவு தெரிந்து பார்த்தவர்களுக்கு இன்று 90 வயது தாண்டியிருக்கும். மற்றவர்கள் சொல்வது தாத்தா சொல்லக் கேட்டது. படத்தை வைத்து மட்டும் பெயின்ட் அடியுங்கள். இந்த மண்ரோடுதான் பழைய ரயில் மேடு என்று காட்டுவார்கள், அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ரயில் போட்ட மேடு எங்கும் வெடுக்கென்று திரும்பாது, ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும், ஓடை வரும் இடத்தில் கருங்கல்லில் ஒடுக்கமான சிறுபாலம் ஒன்று புதருக்குள் நிற்கும். மேட்டிலேறி ஊர் வீடுகளை வளைத்துக்கொண்டு போனால் அது வண்டிப்பாதை.

இல்லை, எனக்குத் தொப்பூர்தான் வேண்டும், மின்சார எஞ்சினும் எல்.ஹெச்.பி.யும்தான் பிடிக்கும் என்றால் அதுவும் நியாயம்தான். அப்போதும் வட்டத்தை விட்டுவிடுங்கள். பத்தடிச் சுவரில் ஒரே நேர் அலமாரி. முத்தம்பட்டி–சிவாடி பக்கத்துப் பாறை வெட்டு மட்டும். லேசான ஒரு வளைவு, இரண்டு பக்கமும் மறைவு, வண்டி ஒரு மறைவிலிருந்து வந்து மற்றதில் நுழையும். 2021 நவம்பரில் கண்ணூர்–யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது அந்தப் பகுதியில்தான், வெட்டிலிருந்து பாறை சரிந்து. பாதைக்கு மேல் பாறை எவ்வளவு நெருக்கமாகத் தொங்குகிறது என்பதை மாடலில் கொண்டுவந்தால் போதும், இடம் யாருக்கும் அடையாளம் தெரியும்.

எதைச் செய்தாலும் கையிலிருக்கும் கோளாறைப் புரிந்துகொள்வது நல்லது. செட்டோடு வந்த குட்டைப் பெட்டியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது புரளாமல் சுற்றினால் குற்றவாளி வளைவின் ஆரம். அதுவும் ஒரே இடத்தில் புரண்டால் அந்த இணைப்பில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் சக்கரமும் தட்டும். பிறகு டிஜிட்டல் வெர்னியரால் இரண்டு சக்கரங்களின் உள்முகத்துக்கு நடுவே அளவு எடுங்கள், ஹெச்.ஓ.வில் 14.4 மி.மீ. பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் எடையையும் பாருங்கள். அமெரிக்க மாடல் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி 27 செ.மீ. ஹெச்.ஓ. பெட்டிக்கு 180 கிராம் அளவு வேண்டும்; பிளாஸ்டிக் பெட்டிகள் பல அதில் பாதியில் நிற்கும். தரைக்கு நெருக்கமாக, நடுவில், இரும்பு நட்டு ஒட்டி எடை கூட்டலாம். ஆனால் கூட்டின எடையை எஞ்சின்தான் இழுக்க வேண்டும். ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ. வரை நிம்மதி, 3 செ.மீ. குட்டை வண்டிக்கு மட்டும். ஒரு பாதை மேல் இன்னொன்று போக ஹெச்.ஓ.வில் குறைந்தது 8.5 செ.மீ. உயர வேண்டும், மீட்டருக்கு இரண்டு வீதம் அதற்கு நாலேகால் மீட்டர் ஓட்டம் தேவை. உங்கள் வட்டம் 36 செ.மீ. ஆரமென்றால் முழுச் சுற்றே 2.26 மீட்டர்தான். எஞ்சின் வழுக்காமல் என்ன செய்யும்? வளைவும் தன் பங்குக்குப் பிடித்து இழுக்கும், அதனால் ஏற்றத்தை முடிந்தவரை நேர்ப்பகுதியில் வையுங்கள்.

வளைவில் வெளித் தண்டவாளத்தைத் தூக்கி வைத்தால் புரளாது என்று யாரோ பதில் போட்டிருந்தார்கள். நிஜ ரயிலில் அது சரி. வேகத்துக்காக அகலப்பாதையில் 165 மி.மீ. வரைகூடத் தூக்குவோம். 87-ஆல் வகுத்தால் அது 1.9 மி.மீ. மாடலில் அழகுக்கு ஒரு மில்லிமீட்டர் போதும், அட்டைத் துண்டு வைத்தாலே வந்துவிடும். கூடுதலாகத் தூக்கினால் எதிர்விளைவு: இழுக்கும்போது வண்டி வில் நாண் மாதிரி விறைத்து நேராகப் பார்க்கும், நடுப் பெட்டி உள்பக்கம் சாயும். அதைவிடப் பலன் தருவது நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குப் படிப்படியாக நுழைவது. வயரிங் வேலைக்கு வாங்கும் பி.வி.சி. கேசிங் பட்டையின் மூடியைப் பலகையில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே வளையவிட்டு, அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுங்கள். பட்டை தானாக எடுக்கிற வளைவுதான் வேண்டியது.

ஜல்லிக்கு வெளிநாட்டுப் பாக்கெட் வாங்காதீர்கள். நாம் இருப்பது கல் ஊர். பாதைக்குப் போடும் ஜல்லி 20 முதல் 65 மி.மீ. வரை, மாடலில் கால் மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர். கிரஷர் தூசியை டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதை ஒதுக்குங்கள். விழுந்ததை நைலான் சேலைத் துணியில் சலித்து மாவை ஒதுக்குங்கள். நடுவில் மிஞ்சுவதுதான் ஜல்லி. முகத்துக்கு மாஸ்க் கட்டாமல் இந்த வேலை கூடாது, கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது. அடுத்ததுதான் முக்கியம். நம் பக்கத்துக் கருங்கல்லில் காந்தத்தில் ஒட்டும் துகள் கலந்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு, பரப்பிய ஜல்லி மேல் மெதுவாக ஓட்டுங்கள். பைக்கு வெளியே கரும் மீசை மாதிரி முளைக்கும். பையைத் தள்ளி எடுத்துக் காந்தத்தை உருவினால் உதிர்ந்துவிடும். ஒன்றும் ஒட்டாமல் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். விட்டால் அது அத்தனையும் எஞ்சின் மோட்டாருக்குள் போய்ச் சேரும். ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகாலில் சம அளவு தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப் ஒரு சொட்டும். முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஜல்லியை நனைத்துவிட்டு, பிறகு சொட்டு மருந்துக் குப்பியால் பசையை விடுங்கள். பாயின்ட்டின், அதாவது தடம் பிரியும் இடத்தின், நாக்குப் பக்கம் பசை போகவே கூடாது. குறுகிய பாதைக்கு ஜல்லியைக் குறைத்து மண்ணைக் கூட்டுங்கள். செம்மண்ணை வாணலியில் வறுத்துச் சலித்து எடுக்க வேண்டும். பசை பட்டால் ஒரு படி கறுத்துப்போகும், அதனால் வெளுத்த மண்ணாகப் பார்த்து அள்ளுங்கள்.

யூடியூபில் காட்டும் மலைகள் அடுக்கடுக்காகப் பிளந்த பாறை. அதைப் பார்த்துச் செய்தால் ஆல்ப்ஸ் வரும், தர்மபுரி வராது. நம் கரடுகள் உருண்டைப் பாறை மேல் உருண்டைப் பாறை. கிருஷ்ணகிரிக் கோட்டை மலை மாதிரி வழவழப்பான மொட்டைப் பாறை, அதில் மழைத்தண்ணீர் இறங்கிய கறுப்புக் கோடுகள். தெர்மாகோலைக் குண்டு குண்டாகச் செதுக்கி, மேலே டிஷ்யூ பேப்பரும் பசையும், சாம்பல் நிறம், கடைசியில் நீர்த்த கறுப்பை மேலிருந்து கீழே வழியவிட்டால் முடிந்தது. தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும். ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும். மரங்களை எல்லோரும் குட்டையாக வைக்கிறார்கள். இருபது மீட்டர்ப் புளியமரம் ஹெச்.ஓ.வில் 23 செ.மீ. இருக்க வேண்டும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டைப் பிய்த்துச் சாயம் தோய்த்தால் இலைக்கொத்து கிடைக்கும். ஒரு பெரிய மரம் பத்துச் சின்ன மரத்துக்குச் சமம்.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள், சாதா ரகம் ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். வாடகை வீடு என்பதால் நாலடித் துண்டுகளாகச் செய்து போல்ட்டில் இணையுங்கள், சுவரில் துளை போடாமல் ஆங்கிள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீடு மாறும்போது டாட்டா ஏஸில் ஏறிவிடும். கால்கள் சுவரைத் தொடாமல் இருந்தால் கரையானுக்கும் ஏற வழி குறைவு. சித்திரை வெயிலில் தண்டவாளம் நீளும். 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு கஜ நீள நிக்கல் சில்வர் தண்டவாளம் 0.3 மி.மீ. வளரும். இணைப்பில் விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விட்டால் சரியாக இருக்கும், ஆனால் அந்த இடைவெளியை வளைவில் வைக்க வேண்டாம். மின்சாரத்துக்குச் சொல்ல ஒன்றுதான்: தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டை நம்பாமல் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் சால்டர் செய்யுங்கள்.

ஹெச்.ஓ. செட்டை இப்போதைக்கு விற்காதீர்கள். அதன் ஆள், கட்டடம், வேகன் எல்லாம் மொரப்பூர் முனைக்கு ஆகும். கன்ட்ரோலரும் ஆகும், மல்டிமீட்டரில் முழு வேகத்தில் 12 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் மட்டும். என்-ஸ்கேல் மோட்டாரும் 12 வோல்ட் டி.சி.தான். முதலில் வாங்க வேண்டியது காட்டோ கம்பெனி தனியாக விற்கும் சின்ன மோட்டார் சேஸிஸ் ஒன்று, வேண்டியபடி வளைத்துப் போடும் 9 மி.மீ. ஃப்ளெக்ஸ் ட்ராக் இரண்டு நீளம், பாயின்ட் ஒன்று. தண்டவாளத்தில் குறுகிய பாதைக்கென்று கட்டை இடைவெளி விட்டுச் செய்ததாகக் கேளுங்கள், பெக்கோ கம்பெனியிடம் உண்டு. என்-ஸ்கேலுக்கான சாதாரண ட்ராக்கில் கட்டைகள் நெருக்கமாகவும் பொடியாகவும் இருக்கும், ஹெச்.ஓ. ஆள் பக்கத்தில் நின்றால் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சினின் மேல்கூட்டை அட்டையில் வெட்டி ஒட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தர்மபுரி முனைக்கு அளவு எடுக்கும்போது எஞ்சின் நீளத்தோடு ஒரு விரல்கடை கூட்டி, அந்த நீளத்தைப் பாயின்ட்டுக்கு அப்பால் விடுங்கள். எஞ்சின் கழன்று திரும்ப அந்த இடம் வேண்டும். அறையில் கதவு எந்தச் சுவரில், எந்தப் பக்கம் திறக்கிறது என்று எழுதினால் பலகைகளை எங்கே வெட்டுவது என்று வரைந்து போடுகிறேன்.